மச்சினனின் இயர்போன்

கோகிலனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஈப்போ புந்தோங்கில் தாவூத் பாய் கடையில், முன்னால் வைத்த தே தாரிக் டீ ஆறுவதற்குள். அதற்கு முன்பு அவன் பொறாமையே படாதவன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். பக்கத்து வீட்டுக்காரன் மோட்டாருக்குப் புது டயர் மாட்டினாலே முகம் கொடுத்துப் பேசமாட்டான். ஆனால் அதெல்லாம் சில்லறைச் சமாசாரம். இது அடிவயிற்றிலிருந்து வந்தது.

வேட்டைமுனி உறுமி மேளக் குழு சனிக்கிழமைதோறும் அந்தக் கடையில்தான் கூடும். எல்லோரும் ஒரே தோட்டத்து ஆட்கள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டி, வீடு கட்டி விற்றபோது ஈப்போவுக்கு வந்து ஃபிளாட்டுகளில் ஏறியவர்கள். தோட்டத்தில் மிச்சம் நிற்பது முனி கோயில் ஒன்றுதான். அதன் திருவிழாவுக்கு வருசா வருசம் குழு ஒரு புதுப் பதிவு போடும். திருவிழா அன்று லாரியில் ஏற்றிய பெரிய ஸ்பீக்கர்களைச் சாமியைப் பார்த்துத் திருப்பி வைத்து, கற்பூரம் காட்டி, பதிவை முதலில் முனிக்குத்தான் போட்டுக் காட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் அது ஊரார் ஃபோனுக்குப் போகும். முனி கேட்காததை மனுசன் கேட்கக் கூடாது என்பது குழுத் தலைவர் சன்னாசி அண்ணன் வைத்த சட்டம்.

அந்தக் குழுவில் கோகிலனுக்கு இரண்டு பட்டங்கள். உறுமி அவன் கையில். வளைந்த குச்சியைத் தோலில் வைத்து அவன் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், ராக்காயி அக்காவுக்கு அருள் வந்துவிடும். இரண்டாவது பட்டம், 'காது'. ஸ்டூடியோவில் அடித்துப் பதிந்ததை லாப்டாப்பில் போட்டு, எந்த மேளம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஏற்றி இறக்கிச் சேர்ப்பவன் அவன்தான். குழுவிலேயே நல்ல இயர்போன் வைத்திருந்தவன் அவன் ஒருத்தன் என்பதால் அந்த வேலை வந்தது. வந்த வேலையை அவன் ஒரு பதவியாக்கிக்கொண்டான். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் யோசிக்காமல் காது என்பான். உறுமி அடிக்க நாலு பேர் கிடைப்பார்கள், கேட்கத் தெரிந்தவன் கிடைப்பானா என்பது அவன் வாதம்.

அந்த இயர்போன் சும்மா வந்ததா? ஃபோனோடு இனாமாக வந்ததில் ஆரம்பித்து, மெங்லெம்புத் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து, பழையதை விற்று அடுத்ததை வாங்கி, கேபிளை மாற்றி, காதுக்குள் நுழையும் ரப்பர் நுனிகளில் சிறிசு, பெரிசு, நுரை, சிலிக்கான் என்று ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து, படிப்படியாக ஏறி வந்தவன் அவன். நுனி காதைச் சரியாக அடைக்காவிட்டால் உறுமியின் கனத்த கீழ்ச்சத்தம் எல்லாம் ஒழுகிப் போய்விடும் என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் பாடம் நடத்துவான். அவன் மனைவி விமலாவுக்கு இந்தப் பாடம் ஏறவே இல்லை. "காதுக்குள்ள போடற சாமானுக்கு, கழுத்துல போடற சாமான் விலையா?" என்று ஒவ்வொரு பார்சல் வரும்போதும் கேட்பாள்.

அந்தச் சனிக்கிழமை, விமலாவின் தம்பி தர்மா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தோல் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான். பினாங்கில் எஞ்சினியராக இருந்து மாற்றலாகி வந்தவன். குழுவில் சேர்ந்து அடக்க ஒடுக்கமாக ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், இத கொஞ்சம் கேட்டுப் பாருங்க. நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

திறந்தால், செம்பு நிறத்தில் வழவழவென்று ஒரு ஜோடி இயர்போன். கோகிலன் மாதக்கணக்காகத் தூங்கும் முன் ஃபோனில் படம் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த அதே சாமான். ஒன்றும் தெரியாதவன்போல் வாங்கிக் காதில் மாட்டினான். தர்மா போன வருசத்துப் பதிவைப் போட்டுவிட்டான்.

அடப்பாவி!

குச்சி தோலில் ஏறும்போது ஒரு கரகரப்பு, இறங்கும்போது வேறொரு கரகரப்பு. தவிலில் கை விழுவதற்கு முன்னால் சுரேன் மூச்சை இழுப்பது கேட்டது. பின்னால் யாரோ செருப்பைத் தேய்த்தது கேட்டது. அதோடு போனதா? அத்தனை பெருமையாகச் சேர்த்த அந்தப் பதிவில் ஓரிடத்தில் உறுமி தவிலின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதும் கேட்டது. வருசம் பூராவும் தன் காதில் விழாத தன் தப்பு, மச்சினன் சாமானில் பளிச்சென்று விழுந்தது.

"எப்படி மச்சான்?"

"பரவால்ல லா," என்றான் கோகிலன். "ஆனா மேல்சத்தம் கொஞ்சம் கூசுது. பழகணும்."

கூசுதாவது மண்ணாவது! கழற்றிக் கொடுக்க அவனுக்கு மனமே வரவில்லை. டப்பா மேசையைச் சுற்றியது. சுரேன் மாட்டிக் கேட்டுவிட்டு "அலாமாக்!" என்று வாயைப் பிளந்தான். சன்னாசி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முடியும்வரை கேட்டார். கண்ணைத் திறந்தபோது அவர் பார்த்தது தர்மாவை. கோகிலனின் இயர்போன் மேசை ஓரத்தில், பருப்புக் குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அன்று அதை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிட மோசம்.

"தர்மா என்னமோ புதுசு வாங்கியிருக்கானாமே? ரொம்ப நல்லாருக்காம்?" விமலா தட்டில் சோற்றைப் போட்டபடியே கேட்டாள்.

"காதுக்குள்ள போடற சாமான்தானே."

"வாங்குனா அப்படி ஒன்னு வாங்கணும் லா. சின்னச் சின்னதா பத்து வாங்கி டின்னுல போட்டு வைக்கறதுக்குப் பதிலா."

கோகிலன் தட்டைத் தள்ளி வைத்தான். தான் வாங்கினால் வீண் செலவு, தம்பி வாங்கினால் தரமா? அறைக்குள் போய்த் தன் இயர்போனை மாட்டினான். நேற்றுவரை அவனுக்குச் சொர்க்கமாக இருந்தது, இன்று கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து பேசியது. நுனியை மாற்றினான், கேபிளை மாற்றினான், ஃபோனில் சத்தக் கோடுகளை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான். போர்வை விலகவில்லை. ஒரு தடவை நல்லதைக் கேட்ட காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தப் பயல் வேண்டுமென்றே கேட்க வைத்தானோ என்றுகூட நினைத்தான். தர்மா அப்படிப்பட்டவன் இல்லை என்பதும் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

புதுப் பதிவுக்கு எல்லோரும் ஸ்டூடியோவில் அடித்து முடித்தார்கள். கோகிலன் அந்த வருசம் உயிரைக் கொடுத்து இழுத்தான். விரல்களில் கொப்புளம் வந்து, தோல் நிறக் காகிதப் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு இழுத்தான். முடிந்ததும் சன்னாசி அண்ணன் அவன் தோளில் கை போட்டார்.

"கோகிலா, கோவிச்சிக்காத. இந்த வருசம் பதிவ தர்மா சேக்கட்டும். நல்ல சாமான் வச்சிருக்கான். நீ உறுமிய மட்டும் பாரு, போதும் லா."

போதுமா! யாருக்குப் போதும்? கோகிலன் பல்லைக் காட்டிச் சிரித்து, "அதுக்கென்னண்ணே," என்றான். வீடு வந்து சேரும்வரை ஹெல்மெட்டுக்குள் அவன் பேசியதை எல்லாம் எழுத முடியாது.

மறுநாள் தர்மாவே டப்பாவோடு வீட்டுக்கு வந்து நின்றான். "மச்சான், நுனி சரியா உக்கார மாட்டேங்குது, வலது பக்கம் நழுவுது. சேக்கற வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க பாத்துப் போட்டுக் குடுங்க. உங்ககிட்டதான் டின்னு நிறைய இருக்கே."

சாமானைக் கையில் கொடுத்துவிட்டு, அக்கா சுடும் உளுந்து வடையைத் தேடி அடுப்பங்கரைக்குப் போய்விட்டான். கோகிலன் பிஸ்கட் டின்னைத் திறந்தான். நுனிகளுக்கு நடுவே பிளாஸ்டர் உருளையும் கிடந்தது.

பழைய நுனியைக் கழற்றியபோது, அதன் அடியில், காது பக்கமாக, ஊசி முனை அளவுக்கு ஒரு துளை தெரிந்தது. காற்று போய்வருவதற்கான துளை. அதை அடைத்தால் கீழ்ச்சத்தம் வெளியே போக வழியில்லாமல் உப்பிப் பெருத்து, மற்றதை எல்லாம் மூடிவிடும். இயர்போன் பைத்தியம் பிடித்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. கோகிலன் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அக்காவும் தம்பியும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நகக் கத்தரியால் பிளாஸ்டரில் மிளகு அளவு இரண்டு துண்டு வெட்டினான். ஒவ்வொரு பக்கத்துத் துளையிலும் ஒன்று. செம்பு நிறத்தின் மேல் தோல் நிறம் இருப்பதே தெரியவில்லை. அதற்கு மேல் அகலமான புது நுனியை மாட்டியதும் அடியோடு மறைந்துவிட்டது.

'கொஞ்ச நாள் சொதப்பட்டும். இந்தச் சாமான் லாயக்கில்லேன்னு சன்னாசி அண்ணனே திரும்பி வருவாரு' என்று நினைத்துக்கொண்டான்.

தர்மா வடையும் கையுமாக வந்து மாட்டிப் பார்த்தான். அவன் கண்கள் விரிந்தன.

"யம்மாடி! மச்சான், என்னா பண்ணீங்க? உறுமி நெஞ்சுக்குள்ள வந்து அடிக்குது!"

"நுனிதான். கொஞ்சம் அகலமா போட்டேன்."

"உங்க கைராசி லா மச்சான்! இதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்." வடை எண்ணெயோடு கோகிலன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

கெடுக்கப் போன இடத்தில் நன்றி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கோகிலன். இனி எப்படிக் கழற்றுவது? என்னவென்று சொல்லிக் கேட்பது?

அடுத்த சனிக்கிழமை தாவூத் பாய் கடையில் தர்மா லாப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னான்: "சேத்து முடிச்சிட்டேண்ணே. உறுமி மட்டும் ரொம்ப ஓவரா முட்டிக்கிட்டு நின்னுச்சு. நல்லா இறக்கிட்டேன். இப்பதான் எல்லாம் சமமா இருக்கு."

கோகிலனுக்குச் சட்டென்று புரிந்தது. காதில் உப்பிக் கேட்டதை அளவென்று நம்பி, பதிவில் இருக்கிற உறுமியை வெட்டி வைத்திருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டால் உறுமியே இருக்காது. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பதிவு கெட்டால் சேர்த்தவனைத்தானே திட்டுவார்கள்? ஊருக்கு முன்னால், முனிக்கு முன்னால், மச்சினன் மூக்கு உடையட்டும். காது மறுபடி தன்னிடம் வரட்டும். கோகிலன் இன்னொரு தே தாரிக் சொன்னான். அன்று அது இனித்தது.

திருவிழா வந்தது. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எல்லாம் காரிலும் வேனிலும் வந்து இறங்கினார்கள். தெலுக் இந்தானிலிருந்துகூட ஒரு பஸ் வந்தது. கோயில் வாசலில் லாரி நின்றது. ஸ்பீக்கர்கள் முனியைப் பார்த்தன. ஊர்வலத்துக்குத் தயாராகக் கோகிலன் விரல்கள் எல்லாவற்றிலும் பிளாஸ்டர் சுற்றி, உறுமியைத் தோளில் மாட்டி, வளைகுச்சியோடு நின்றான். சன்னாசி அண்ணன் கற்பூரம் காட்டினார். ராக்காயி அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். பதிவு ஓட ஆரம்பித்தது.

தவில் படபடத்தது. ஜால்ரா கணகணத்தது. உறுமி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொசு பறந்தது.

ஜனம் காத்திருந்தது. ராக்காயி அக்காவும் கண்ணை மூடிக் காத்திருந்தாள். பாட்டு பாதிக்கு மேல் போனதும் கண்ணைத் திறந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு கூடாரத்து நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாசலில் அப்படி நடந்ததே இல்லை. கோகிலன் உள்ளுக்குள் குதித்தான். திட்டப் போகிறார், இதோ தர்மாவைத் திட்டப் போகிறார்!

சன்னாசி அண்ணன் திரும்பினார். தர்மா பக்கம் அல்ல, கோகிலன் பக்கம்.

"என்னா கோகிலா, கை தளந்து போச்சா?"

"அண்ணே?"

"அவ்வளவு நல்ல சாமான்ல சேத்தும் உன் உறுமி ஏறலையே. முனி முன்னால மானம் போச்சு லா. சரி வுடு, வயசாவுதுல்ல. அடுத்த வருசத்துலேருந்து சுரேன் உறுமி எடுக்கட்டும்."

அடிக்கிறவனைத் திட்டுவார்கள் என்பது அவன் கணக்கிலேயே இல்லை. 'கை இல்லண்ணே, காது!' என்று கத்த வாயெடுத்தான். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் பிளாஸ்டர் வெளியே வரும். பெண்கள் கூட்டத்தில் விமலா தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தான். காதும் போய், உறுமியும் போய், வெறும் தோளோடு நிற்கப் போகிறோம் என்று தெரிந்தது.

"அண்ணே, இல்லண்ணே!" தர்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். "மச்சான் பிச்சு உதறியிருக்காரு. நீங்க இதுல கேளுங்க." செம்பு இயர்போனை அவர் காதில் மாட்டிவிட்டான்.

சன்னாசி அண்ணன் கேட்டார். புருவம் ஏறியது. "இதுல இடி மாதிரி இருக்கே! அப்ப ஸ்பீக்கர்ல ஏன் இல்ல?"

"அதான் எனக்கும் புரியல." எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? அதை வாங்கி, லாரியின் பின்பலகையில் கைக்குட்டையை விரித்து, நுனியைப் பிடுங்கினான். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நகத்தால் மெதுவாகச் சுரண்டினான். மிளகு அளவு துண்டு அவன் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. தோல் நிறம். தர்மா நிமிர்ந்து, வளைகுச்சியைப் பிடித்திருந்த கோகிலன் விரல்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

"என்னா லா?" என்றார் சன்னாசி அண்ணன்.

"என் தப்புண்ணே." தர்மா அந்தத் துண்டை உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "காத்துப் போற ஓட்டைய நானே டேப் போட்டு அடைச்சு வச்சிருந்தேன், சோதிச்சுப் பாக்க. எடுக்க மறந்துட்டேன். அதான் உறுமி எனக்கு ஜாஸ்தியா கேட்டுச்சு, இறக்கித் தொலைச்சிட்டேன். மச்சான் கையில ஒரு குத்தமும் இல்ல. சாமிக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். கொஞ்சம் நேரம் குடுங்க, ஏத்திக் குடுத்துர்றேன். மச்சான் பக்கத்துல உக்காரட்டும்."

எல்லோருக்கும் முன்னால் முனியின் காலில் விழுந்து எழுந்தான்.

காருக்குள், மறு பக்கத்துத் துண்டையும் சுரண்டி எடுத்துவிட்டு லாப்டாப்பைத் திறந்தான். இயர்போனின் ஒரு பக்கம் அவன் காதில், மறு பக்கம் கோகிலன் காதில். அசைந்தால் கேபிள் இழுத்தது. கோகிலன் "தர்மா…" என்று ஆரம்பித்தான்.

"உறுமி இவ்வளவு போதுமா மச்சான்?" திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினான். திட்டியிருக்கலாம். ஒரு அறைகூட விட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்த்திருப்பான் கோகிலன்.

இரண்டாம் தடவை போட்டபோது உறுமி லாரியையே உலுக்கியது. முதல் இழுப்பிலேயே ராக்காயி அக்கா கூடாரத்திலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். முடி எப்போது அவிழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஜனம் ஆர்ப்பரித்தது. சன்னாசி அண்ணன் கோகிலனைப் பார்த்து, "உறுமி உன்னுதுதான் லா, நான் சொன்னத மறந்துரு," என்றார். அவன் நெஞ்சு லேசானது. அடுத்த நொடியே அவர் தர்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தப்பு பண்ணா ஆம்பளையா இப்படி ஒத்துக்கணும்! இனிமே இந்தக் குழுவுக்கு இவன்தான் காது." கிழவர்கள் வந்து அவன் தலையில் கை வைத்தார்கள். யாரோ மாலை போட்டார்கள்.

விமலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோகிலன் பக்கத்தில் வந்து நின்றாள். "பாத்தீங்களா என் தம்பிய? எத்தன பேர் முன்னால! உங்களுக்கு வருமா இது?"

வயிறு எரிந்தது. இயர்போன் தர்மாவுடையது, காது என்ற பட்டம் அவனுடையது, பெண்டாட்டியின் பெருமை அவனுடையது. போகட்டும். தான் செய்த தப்பு ஒன்றாவது தன்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா? அதையும் எடுத்துக்கொண்டு போய், அதற்கும் மாலை வாங்கிவிட்டானே! வெட்கமும் பொறாமையும் ஒன்றாகக் கிளம்பி, எது எது என்றே பிரிக்க முடியாமல் கோகிலன் நின்றான்.

ஊர்வலம் கிளம்ப நேரமானது. தர்மா மாலையைக் கழற்றிச் சுரேனிடம் கொடுத்துவிட்டுக் கோகிலனிடம் வந்தான். கோகிலனின் ஆள்காட்டி விரலில் வேர்வையில் பிளாஸ்டர் நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்காமலே உறுமிப் பையிலிருந்து உருளையை எடுத்து, பழையதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதியதைச் சுற்ற ஆரம்பித்தான்.

"ரோல்ல கொஞ்சம் கொறையுது மச்சான்," என்றான் தணிந்த குரலில். முகம் பார்க்கவில்லை. "பரவால்ல, பாத்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே இழுத்துச் சுற்றினான். விரல் நுனி வெளுக்கும்வரை, எலும்பு வலிக்கும்வரை இறுக்கினான். அவன் தாடையும் இறுகியிருந்தது. அன்று முழுவதும் யாருக்கும் காட்டாத கோபத்தை அந்த விரலுக்கு மட்டும் காட்டினான்.

கோகிலன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு லா," என்றான்.